கட்சி மாறிய பெயர்ச்சொல்

ஜூன் 8, திங்கள்

ஆசிரியர் இன்று என் தலையில் கட்டிய சொல்: ஓரகத்தி. இந்தத் தமிழ்ச் சொல் அல்ல. அதே உறவுக்கு, அதாவது கணவனுடைய சகோதரனின் மனைவிக்கு, பழைய ஸ்லாவியர்கள் வைத்திருந்த சொல்.

எங்கள் அகராதிக்கு வேலையே இதுதான். உறவுப்பெயர்கள் எங்கிருந்து வந்தன, எப்படி வேற்றுமை ஏற்றன என்று ஆளுக்கொரு மொழிக்குடும்பத்தை எடுத்துக்கொண்டு எழுதுகிறோம். ஸ்லாவியம் என் பங்கு. ஆசிரியருக்கு அலுவலகத்தில் காற்புள்ளி என்று பெயர். அவர் பேச்சில் முற்றுப்புள்ளி வந்து யாரும் பார்த்ததில்லை.

"ரெண்டு பக்கம் போதும்மா, ஆனா சும்மா வேற்றுமை உருபா அடுக்கி வெச்சா எவன் படிப்பான், சொல்லுக்குள்ள ஒரு கதை இருக்கும் பாரு, அதப் பிடி, அதப் பிடிச்சுட்டா மத்தது தானா வரும்," என்றார்.

கதைக்கு நான் எங்கேயும் போக வேண்டாம். வீட்டின் கீழ்த்தளத்திலேயே ஒருத்தி இருக்கிறாள். இவருடைய அண்ணன் மனைவி. நேரில் அக்கா என்று கூப்பிடுகிறேன். இங்கே மூத்தவள் என்று எழுதுகிறேன், இந்தத் தாளில் யாருக்கும் நான் மரியாதை பாக்கி வைக்கவில்லை. அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். நாங்கள் என்றால் இப்போதைக்கு நான். இவர் போன வருஷத்திலிருந்து வேறு ஊரில், பாலம் கட்டுகிற கம்பெனியில். சில வார இறுதிகளில் வருவார்.

அத்தை, அதாவது எங்கள் மாமியார், உயிரோடு இருந்தவரை மூத்தவளும் நானும் ஒரே கட்சி. மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் அத்தையின் தலையை உருட்டுவோம். அத்தை போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மின்விசிறிக்கு எதிரில் அத்தை உட்கார்ந்த நாற்காலியில் மூத்தவள் உட்காருகிறாள். நான் வெளிக்கதவைத் திறந்ததும் உள்ளிருந்து "யாரது?" என்று ஒரு குரல் வருகிறது. நான்தான் என்று அவளுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

ஜூன் 9, செவ்வாய்

மூத்தவள் அத்தையைப் போலவே இருமவும் ஆரம்பித்துவிட்டாள். சத்தியமாக.

ஜூன் 11, வியாழன்

சொல் இதுதான்: *யெந்த்ரி. 'யெ'வை மூக்கால் சொல்ல வேண்டும். சளி பிடித்தவர்களுக்கு நன்றாக வரும்.

முன்னால் இருக்கும் உடுக்குறிக்கு அர்த்தம், இந்தச் சொல்லை இந்த வடிவத்தில் எவரும் எழுதிப் பார்த்ததில்லை என்பது. அதைப் பேசியவர்களுக்கு எழுத்தே கிடையாது. பிற்காலத்து மகள் மொழிகளில் சிதறிக்கிடப்பதைப் பொறுக்கி வைத்து, இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நாமே கட்டி எழுப்புவது. செர்பியத்தில் யெத்ர்வா, போலிஷில் யொந்த்ரெஃப், பல்கேரியத்தில் எத்தர்வா. இந்த மூன்றையும் பெற்றவள் எப்படி இருந்திருப்பாள்? போலீஸ்காரன் வேலைதான். ஆனால் எங்களுக்கு யாரும் பயப்படுவதில்லை.

இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். வடமொழியில் யாத்ரு, லத்தீனில் யானித்ரிகேஸ், கிரேக்கத்தில் எயினாதெரெஸ். இவ்வளவு தூரம் சிதறிப்போன கூட்டம் எதை மறந்தாலும், கொழுந்தன் பெண்டாட்டியைக் கூப்பிட ஒரு சொல் வேண்டும் என்பதை மட்டும் மறக்கவில்லை. அந்தக் காலத்திலும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மருமகள்கள் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மதியம் மூத்தவள் தொலைபேசியில் கேட்டாள்: "மோட்டார் போட்டுட்டுப் போனியா?" போட்டேன். அணைக்கவில்லை. தொட்டி வழிந்து படிக்கட்டெல்லாம் தண்ணீர். "படிச்சவ வேலை இப்படித்தான் இருக்கும்," என்று சிரித்தாள். இது பழைய சிரிப்பு. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஜூன் 14, ஞாயிறு

இவர் நேற்று வந்தார், இன்று மதியம் கிளம்பிவிட்டார். வந்ததும் பெட்டியைத் திறந்தேன், அழுக்குத் துணி எடுக்க. அழுக்கே இல்லை. எல்லாம் தோய்த்து, தேய்த்து, மடித்து. நான் சட்டையின் கைகளைப் பின்பக்கம் மடிப்பேன். இவை முன்பக்கமாக, மார்பின்மேல் கைகட்டி நிற்கிற மாதிரி.

"லாண்டரி," என்றார் இவர், நான் கேட்பதற்கு முன்பே.

சரி. ஆனால் நீலச் சட்டையில் போன தடவை அறுந்திருந்த பொத்தான் தைக்கப்பட்டிருக்கிறது. நான் தைத்தால் நூல் குறுக்கே போகும், பெருக்கல் குறி மாதிரி. இது இரண்டு இணைகோடு. லாண்டரிக்காரன் பொத்தான் தைத்துக் கொடுப்பானா?

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வடிவத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

ஜூன் 17, புதன்

இன்று வேற்றுமை அட்டவணை. ஒரு வேடிக்கை அகப்பட்டது.

அந்த மொழியில் பெயர்ச்சொற்கள் கூட்டம் கூட்டமாக வேற்றுமை ஏற்கும். கூட்டத்துக்கு ஒரு பாணி. தாய், மகள் இரண்டும் ஒரு கூட்டம். உருபு சேரும்போது நடுவிலிருந்து ஒரு ரகரம் தலையை நீட்டும். தாய் என்றால் மாதி, தாயின் என்றால் மாதெரெ. ஓரகத்தியும் பிறப்பால் அந்தக் கூட்டத்துப் பெண்தான். வடமொழி, கிரேக்கம் இரண்டிலும் அவள் தாயோடும் மகளோடும்தான் நிற்கிறாள். ஸ்லாவியத்துக்கு வந்ததும் என்ன ஆனதோ, பிறந்த கூட்டத்தை உதறிவிட்டு மாமியார் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். மாமியார் ஸ்வெக்ரி, மாமியாரின் ஸ்வெக்ருவெ. ஓரகத்தி யெந்த்ரி, ஓரகத்தியின் யெந்த்ருவெ. அச்சு அசல். நடுவிலிருக்கும் அந்த உகரம் நம் குற்றியலுகரம் போல, வாயில் நிற்காமல் நழுவுவது.

அக்காள் தங்கைக்கான சொல்லும் அந்தக் கூட்டத்தைவிட்டு எப்போதோ போய்விட்டது. கடைசியில் அங்கே மிஞ்சியவர்கள் தாயும் மகளும் மட்டும்தான்.

காற்புள்ளியிடம் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கட்சி மாறிட்டாளா, அடேங்கப்பா, ஏன் மாறினா, என்ன குடுத்தாங்க அவளுக்கு?"

"ஒண்ணும் குடுக்கல சார். ஒரே வீட்டுல ஒரே மூச்சுல சொல்ற சொற்கள். மாமியாரும் அவளும் பக்கத்துப் பக்கத்துல இருந்து இருந்து சாயல் வந்துடுச்சு."

"இது நல்லா இருக்கு, ஆனா இது இலக்கணம்மா, கதை இல்ல," என்றார். காற்புள்ளிக்கு வீட்டில் ஓரகத்திகள் இல்லை போலிருக்கிறது.

ஜூன் 22, திங்கள்

மதிய இடைவேளையில், அலுவலகத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று இவரைப் போனில் கூப்பிட்டேன். மடிப்பு, பொத்தான், ஞாயிறு மதியமே கிளம்புவது, போனில் பேசும்போது பின்னால் திடீரென்று நின்றுபோகிற பாத்திரச் சத்தம். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரே ஒரு வடிவம்தான் வருகிறது. அதற்கு முன்னால் உடுக்குறிதான் போட்டிருந்தேன். போட்டபடியே கேட்டேன்.

"அங்க யாராவது இருக்காங்களா?"

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப. அவ மாசமா இருக்கா."

நான் தொழிலில் கெட்டிக்காரி. உடுக்குறியை எடுத்துவிடலாம்.

இவர் என்று இத்தனை வருஷம் எழுதினேன். பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் இகரம். இனி அவர். அதுவும் எத்தனை நாளைக்கோ.

ஜூன் 23, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. காலையில் அண்ணன் கிளம்பிய பிறகு கீழே இறங்கிப் போனேன். வேறு யாரிடம் போவேன்? எனக்கு இந்த ஊரில் வேறு யார்? மூத்தவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, அவர் அங்க ஒருத்தியோட இருக்கார்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அழுதேன். அவள் என் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாத. அழாதடி. அவ ஒண்ணும் கெட்ட பொண்ணு இல்ல."

முதுகில் கை போய்க்கொண்டே இருந்தது. சொன்னது அவளுக்கே உறைக்கவில்லை. எனக்கு உறைத்துவிட்டது. தலையைத் தூக்கினேன்.

"அவள உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

கை நின்றது.

ஜூன் 24, புதன்

தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும். என்னைத் தவிர.

போன வருஷம் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் என்று புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஊருக்குப் போனார்களே. லாட்ஜில் தங்குகிறோம் என்றார்களே. நான்கூட லாட்ஜில் போர்வை சுத்தமாக இருக்காது என்று புதுசாக இரண்டு துவைத்து மடித்துக் கொடுத்தேனே! தங்கியது அவள் வீட்டில். மூன்று வேளையும் சமைத்துப் போட்டிருக்கிறாள். அண்ணன் கண்ணுக்கு வேளாவேளைக்கு மருந்து விட்டவளும் அவள்தானாம். அவர் கண்ணில் மருந்து. என் கண்ணில் மண்.

என் போர்வை. அவள் வீட்டுக் கட்டிலில்.

வந்த பிறகு எத்தனை தடவை மாடிக்கு வந்தாள் இவள்? எத்தனை தடவை என்னோடு உட்கார்ந்து தேநீர் குடித்தாள்? "உன் வீட்டுக்காரர் இளைச்சுட்டார், போய் ரெண்டு நாள் இருந்து பார்த்துட்டு வாயேன்" என்றுகூட ஒரு தடவை சொன்னாள். எந்த நெஞ்சோடு சொன்னாள்? இல்லை, என்னைப் போய்ப் பார்க்கவைக்கத்தான் சொன்னாளா? ஐயோ, இனி இவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வேர் பார்க்க வேண்டுமா நான்?

ஜூன் 28, ஞாயிறு

கீழே கூடத்தில் பஞ்சாயத்து. அவர் வந்திருந்தார். அண்ணன்தான் பேசினார். நடந்தது நடந்துவிட்டது, குழந்தை வேறு வரப்போகிறது, இந்த வீட்டில் ஒரு குழந்தை என்று எத்தனை வருஷமாக எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம், நீயும் யோசி. யோசி என்றால் ஒதுங்கு என்று அர்த்தம். அகராதி தேவையில்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்துக்கு அஸ்திவாரம் போடுகிறவர், தரை அவருக்குப் பழக்கம்.

நான் மூத்தவளைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்காகச் சண்டை போட வேண்டாம். 'அவளுக்கு இது அநியாயம்' என்ற மூன்று சொல். அதை மட்டும் அவள் சொல்லிவிட்டால் மற்றது எது போனாலும் போகட்டும் என்று இருந்தது. அவள் முந்தானையில் ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கோர்ட்ல பார்த்துக்கலாம்," என்றேன்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "எங்க வீட்டுல இதுவரைக்கும் கோர்ட்டுப் படி யாரும் ஏறினதில்ல."

எங்க வீட்டுல.

பத்தொன்பது வருஷமாக அது நம்ம வீடு. நம்ம வீட்டு மோட்டார், நம்ம வீட்டு ஒழுகல், நம்ம வீட்டு ஆம்பளைங்க. ஒரு சொல்லை மாற்றினாள், நான் தெருவில் நிற்கிறேன். வேறு எத்தனையோ மொழிகளில் 'எங்கள்' என்றாலும் 'நம்' என்றாலும் ஒரே சொல்தான். அந்த மொழிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். யாரையாவது வெளியே தள்ள வேண்டுமென்றால் வாயைத் திறந்து 'போ' என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஜூன் 30, செவ்வாய்

இனி அவன்.

ஜூலை 2, வியாழன்

வேலைக்குப் போனேன். கட்டுரையை முடித்தேன். எப்படி முடித்தேன் என்றால் இப்படி.

அதே பழைய ஸ்லாவியத்தில் இன்னொரு சொல் உண்டு. யெந்த்ரொ. குடல், ஈரல், உள்ளுறுப்பு. உடம்புக்கு உள்ளே இருப்பது. போலிஷில் புண் சீழ் வைப்பதற்கு ஒரு வினைச்சொல் இருக்கிறதே, யொந்த்ஷிச், அதுவும் அநேகமாக இதிலிருந்துதான். ஓரகத்தி யெந்த்ரி, உள்ளுறுப்பு யெந்த்ரொ. ஓசையில் ஒரு முடி அளவுதான் வித்தியாசம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒன்று 'உள்ளே' என்ற வேரிலிருந்து வந்தது. மற்றது தொடக்கத்திலிருந்தே உறவுப்பெயர். முதலாண்டு மாணவிக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிந்தே எழுதினேன்: 'ஓரகத்தி என்பவள் குடும்பத்தின் உள்ளே இருந்துகொண்டு புண்ணைச் சீழ்பிடிக்க வைப்பவள் என்ற பொருளில் இச்சொல் தோன்றியது.' கூடவே, தமிழிலும் ஓர் அகத்தி, அகம் என்றால் உள், பாருங்கள் ஒப்புமையை என்று ஒரு வரி. நம் ஓரகத்தி ஒரே அகத்தில், ஒரே வீட்டில் வாழ்கிறவள் என்பது எனக்குத் தெரியாதா?

எழுதி முடித்ததும், ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

ஜூலை 3, வெள்ளி

காற்புள்ளி என் மேசைக்கே வந்துவிட்டார். "இப்பதாம்மா உயிர் வந்திருக்கு, சீழ், அடடா, அதுலயும் அந்த அகம் இருக்கு பாரு, அங்கயும் உள்ள, இங்கயும் உள்ள, இத முன்னுரையிலயே தூக்கிப் போடணும், யாரு கண்டுபிடிச்சது இத?"

"வீட்டுல கிடைச்சுது சார்," என்றேன்.

ஜூலை 11, சனி

அறை பார்த்துவிட்டேன். தையல் கடைக்கு மேலே, பின்பக்கம் தனிப்படி. வீட்டுக்கார அம்மா கீழேயே இருக்கிறார். ஒரு கேள்விக்கும் இன்னொரு கேள்விக்கும் நடுவில் மூச்சு விடுகிறாரா என்று சந்தேகம். கல்யாணம் ஆயிடுச்சா, அவர் எங்க, எப்ப வருவார். வரமாட்டார் என்றேன். அதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார்: வேற யாரு இருக்கா? யாரும் இல்லை என்றேன்.

வீட்டுக்குத் திரும்பி, மாடியிலிருந்து புத்தகங்களைக் கட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை இறங்கும்போது படியின் நடுவில் மூத்தவள் நின்றாள். வழி விடவில்லை. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானும் நின்றேன்.

"நான் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைக்கிற?" என்றாள்.

"தெரியாதுக்கா. நீங்க சொல்லலையே."

"என் வீட்டுக்காரர் என்ன சொன்னாரு தெரியுமா? வாயத் திறந்தா நீயும் உன் பொறந்த வீட்டுக்குக் கிளம்புன்னாரு. எனக்கு ஏது பொறந்த வீடு? அம்மா போனப்பறம் அங்க யாரு இருக்கா? உனக்கு வேலை இருக்கு. படிப்பு இருக்கு. எனக்கு இந்தச் சுவர விட்டா வேற எங்க போறது?"

"அதுக்கு எங்கிட்ட வந்து தேநீர் குடிக்கணுமா? வராம இருந்திருக்கலாமே."

"வராம எப்படி இருக்கிறது?" என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள். பதில் தெரிந்து கேட்ட மாதிரி இல்லை.

ஒதுங்கினாள். நான் இறங்கினேன். அவள் சொன்னதெல்லாம் உண்மை. உண்மை என்பதற்காக மன்னிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்ன? நான் மன்னிக்கவில்லை. எழுதிவைக்கிறேன், பிறகு மறந்து தொலைப்பேன்.

ஜூலை 19, ஞாயிறு

கீழே தையல் இயந்திரம் நாள் முழுக்க ஓடுகிறது. பரவாயில்லை. இங்கே யாரும் 'யாரது?' என்று கேட்பதில்லை. கதவைத் திறந்தால் நான்தான். மூடினாலும் நான்தான்.

ஜூலை 27, திங்கள்

மெய்ப்பு வந்தது. அச்சில் என் பொய் ரொம்ப அழகாக இருக்கிறது. தடித்த எழுத்தில் யெந்த்ரி, அடுத்த வரியில் சீழ்.

மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் இனித்தது. நாலாவது தடவை கோபம் வந்தது. மூத்தவள்மேல் இல்லை, என்மேல். யெந்த்ரி யாருக்கு என்ன கெடுதல் செய்தாள்? வாயில்லாத சொல். அவளைப் பேசியவர்கள் செத்து மண்ணாகிப் பதினைந்து நூற்றாண்டு இருக்கும். எழுத்துகூட இல்லாமல் இத்தனை வாய் தாண்டி வந்து என் மேசையில் விழுந்தவள் அவள். அவளைப் பிடித்து என் வீட்டு அழுக்கைத் துடைத்திருக்கிறேன். மூத்தவளைத் திட்ட எனக்குச் சொந்தமாகவே போதிய சொற்கள் இருக்கின்றன. கடன் வாங்க வேண்டியதில்லை.

சிவப்பு மையில் இரண்டு வரியையும் அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: 'உள்ளுறுப்பைக் குறிக்கும் சொல்லோடு இதற்குத் தொடர்பு இல்லை, ஓசை ஒற்றுமை மட்டுமே. மூலம் தொன்மையான உறவுப்பெயர். அதற்கு அப்பால் வேர் தெரியவில்லை.'

காற்புள்ளி துடித்துப்போனார். "என்னம்மா இது, நல்ல கதைய இப்படிக் கொன்னுட்டியே, நீதானே எழுதின, முன்னுரை வேற ரெடி பண்ணிட்டேன்," என்றார்.

"தப்பு சார்."

"தப்புன்னா, எவ்வளவு தப்பு, கொஞ்சம் தப்பா, முழுத் தப்பா?"

"முழுத் தப்பு. போட்டீங்கன்னா என் பேர எடுத்துடுங்க."

அவர் மெய்ப்புத் தாளை மடித்துக்கொண்டார். பிறகு, நம்பினால் நம்புங்கள், "சரி." என்றார். முற்றுப்புள்ளியோடு.

ஆகஸ்ட் 6, வியாழன்

இன்று ஒரு குறிப்பு சேர்த்தேன். லத்தீனில் இந்தச் சொல் பன்மையில்தான் கிடைக்கிறது. தாயாகத் தனியாக இருக்கலாம். விதவையாகத் தனியாக இருக்கலாம். ஓரகத்தியாக ஒருத்தி மட்டும் இருக்க முடியாது. அதுவும் இரண்டு ஆண்கள் ஒரே வயிற்றில் பிறந்த தற்செயலால் வந்து சேர்ந்த உறவு. அந்த ஆண்களில் ஒருவனை உருவிவிட்டால் சொல்லே சரிந்துவிடும்.

அவளுக்கும் சேர்த்துத்தான் சரியும். அவளுக்கு இது தெரியுமோ தெரியாதோ.

நவம்பர் 21, சனி

பெண் குழந்தையாம். அண்ணன் செய்தி அனுப்பியிருந்தார், எல்லாருக்கும் அனுப்பியதில் நானும் தவறிச் சேர்ந்திருப்பேன். அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. விட்டுவிட்டேன்.

டிசம்பர் 15, செவ்வாய்

மூத்தவளிடமிருந்து போன். எடுக்கவில்லை. மறுபடி வந்தது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 18, வியாழன்

காலையில் கையெழுத்துப் போட்டேன். அவனும் போட்டான். கோர்ட்டு மின்விசிறி காகிதத்தைத் தூக்கியது, அவன் கை நீட்டிப் பிடித்துக்கொண்டான், நான் நன்றி என்றேன். பத்தொன்பது வருஷம் நன்றியில் முடிந்தது.

சாப்பிடப் பிடிக்காமல் படுத்திருந்தேன். மதியத்துக்குமேல் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மூத்தவள். விலாசத்தை யார் கொடுத்தார்களோ. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கால் வீங்கியிருந்தது, செருப்பின் வார் பதிந்த தடம் தெரிந்தது.

உட்காரச் சொல்லவில்லை. அவளே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்போம்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

தம்ளரை உருட்டிக்கொண்டே தானாகவே பேச ஆரம்பித்தாள். மாடிக்குக் குடிவந்திருக்கும் அந்தப் பெண் நல்லவள்தானாம். வேலையெல்லாம் சுத்தமாம். குழந்தையைத் தூக்கக் கொடுப்பாளாம், உடனே வாங்கியும் கொள்வாளாம். "ஆனா என்ன அக்கான்னு கூப்பிடறதில்ல. 'இந்தாங்க'ங்கறா. 'இந்தாங்க, மோட்டார் போடுங்க.' 'இந்தாங்க, கேட்டைச் சாத்துங்க.' பேரும் இல்ல, முறையும் இல்ல. ஒருநாள் மேல போய்க் கொஞ்சம் பேசிட்டு வரலாம்னு படியேறினேன். பாதியில நின்னுட்டேன். எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, உடனே தீர்ந்தும் போயிற்று.

"நீங்கதானேக்கா அவ நல்ல பொண்ணுன்னு சொன்னீங்க," என்றேன்.

"சொன்னேன்," என்றாள். சமாதானம் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பேன்.

வெயில் இறங்கியதும் எழுந்தாள். காலை ஊன்ற முடியவில்லை, படி செங்குத்து வேறு, நானும் பின்னாலேயே இறங்கினேன். கீழே வீட்டுக்கார அம்மா காத்துக்கொண்டிருந்த மாதிரி நின்றார். மூத்தவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு யாரும் இல்லன்னீங்க! இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

காலையிலிருந்து அதற்குச் சொல் கிடையாது. நான் வாயைத் திறந்தேன், வாசலில் வந்து நிற்கிற விற்பனைக்காரனிடம் சொல்வதுபோல வந்துவிட்டது:

"ஒண்ணும் வேணாம்."

வீட்டுக்கார அம்மா முழித்தார். மூத்தவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்புக்குள் வீங்கின காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு வேணும்," என்றாள்.

அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலா, என்னிடம் கேட்டதா, இல்லை, எனக்கு இது வேண்டியதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா? சொல்லுக்குப் பொருள் பிரிப்பதுதான் என் பிழைப்பு. நான் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் நடைக்கு நடந்தேன்.